உடைந்த வளையலின் விலை

(பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லைப் பகுதியில், கல்லூரி மாணவர்களும் ஊராட்சி அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் வரிவடிவம்)



எனக்குத் தரப்பட்டுள்ள பொருள் 'கழிவிலிருந்து தோட்ட அழகுப் பொருள்கள்' என்பதாகும். உடைந்த வளையல், அறுந்த மணிமாலை, மெருகு போன கவரிங் நகை, பீங்கான் துண்டு, ஓட்டுச் சில்லு ஆகியவற்றைக் கொண்டு பூங்காக்களுக்கும் வீட்டுத் தோட்டங்களுக்கும் உருவங்களும் தூண்களும் பூந்தொட்டிகளும் செய்வது பற்றியது. பொருள் சிறிதுதான். ஆயினும் ஊராட்சித் திட்ட ஏடுகளில் இத்தகைய இனங்கள் 'கழிவு மேலாண்மை' என்னும் தலைப்பின் கீழ் எழுதப்படுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அது பொருந்தாத தலைப்பு என்பதையும், அதனால் விளையும் இடர் என்ன என்பதையும் கூறுவதே என் நோக்கம்.

இதைப் பேசுவதற்குத் தென்னாட்டில் பாலக்காட்டைவிடத் தக்க இடம் இல்லை எனலாம். இங்கிருந்து மலம்புழாவுக்கு நெடுந்தூரமில்லை. இப்பகுதி சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டமாக இருந்தபோது, 1955-ல் அவ்வணை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கேரளம் தோன்றியது. அணையைச் சார்ந்த தோட்டத்தில் 1969-ல் கானாயி குஞ்ஞிராமன் அமைத்த யட்சி சிலையை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். அதே மலம்புழாவில் இன்னொரு தோட்டமும் உண்டு. வளையல் துண்டு, ஓடு, தகர டப்பா போன்ற எறிபொருள்களால் ஆன பாறைத் தோட்டம் அது. 1990-களில் அதை அமைத்தவர், சண்டிகர் பாறைத் தோட்டத்தின் படைப்பாளியான நேக் சந்த்.

அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அவர் நம்மைப் போல் ஓர் அரசு ஊழியர். 1924-ல், இன்று பாகிஸ்தானிலுள்ள ஷகர்கர் வட்டாரத்தில் பிறந்தவர். நாட்டுப் பிரிவினையால் ஊரிழந்து இந்தியா வந்து, சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளராகப் பணியேற்றார். அந்நகரம் லெ கொர்பூசியேயின் திட்டப்படி எழுந்துகொண்டிருந்த காலம் அது. நகருக்காகப் பல சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. அவ்வூர் மக்கள் விட்டுச்சென்ற சட்டி, ஓடு, கண்ணாடி, வளையல், மிதிவண்டிச் சட்டம் ஆகியவற்றை அவர் தம் மிதிவண்டியிலேயே ஏற்றிச் சேர்த்தார். 1950-களின் இறுதியில், சுக்னா ஏரிக்கு அருகே எவரும் எதையும் கட்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்த காட்டு நிலத்தில், அலுவலக நேரம் முடிந்தபின் யாருமறியாமல் உருவங்கள் செய்யத் தொடங்கினார்.

1970-களில் இது அதிகாரிகளின் கண்ணில் பட்டது. விதிப்படி நோக்கினால் அது அரசு நிலத்தில் ஓர் அரசு ஊழியர் செய்த ஆக்கிரமிப்பு. இடித்துத் தள்ளுவதே சட்டம் காட்டும் வழி. ஆனால் நகரின் நில எழில் குழுவுக்குத் தலைவராயிருந்த எம். எஸ். ரந்தாவா அதைக் காக்க வேண்டும் என்று நின்றார். 1976-ல் தோட்டம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்துக்கு அதற்கெனவே ஒரு பதவியும், சம்பளமும், 50 தொழிலாளர்களும் தரப்பட்டனர். நகரில் உடைந்த பொருள்களைச் சேர்த்துத் தரும் நிலையங்களும் ஏற்பட்டன. 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2015-ல் காலமானார்.

இந்த வரலாற்றில் அலுவலர்கள் கருத வேண்டிய பகுதி, தோட்டம் காப்பாற்றப்பட்டதற்குப் பிந்தையது. 1996-ல் அவர் வெளிநாட்டில் உரையாற்றச் சென்றிருந்த வேளையில் நிதி நிறுத்தப்பட்டது. தீயோர் புகுந்து உருவங்களை உடைத்தனர். அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 2025-ல், உயர் நீதிமன்றத்தின் வாகன நிறுத்தத்துக்கும் சாலை விரிவுக்குமாகத் தோட்டச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. உலகெங்குமிருந்து மக்கள் வந்து காணும் ஒரு தோட்டத்துக்கே நிலை இதுவெனில், ஓர் ஊராட்சிப் பூங்காவின் மூலையில் நிற்கும் வளையல் மயிலின் கதி என்னவாகும்?

இனி, வளையலைப் பற்றிய செய்தி. தோட்டத்தில் வைக்கும் பொருளுக்கு வெயிலும் மழையுமே பகை. வண்ணம் பூசிய சிமெண்டு உருவம் சில பருவ மழைகளில் வெளுத்துவிடும். பிளாஸ்டிக் மணி வெயிலில் நிறமிழந்து நொறுங்கும். அரக்கு வளையல் சூட்டில் இளகும். கண்ணாடி வளையலோ அப்படிப்பட்டதன்று. அதன் நிறம் மேற்பூச்சல்ல. கண்ணாடி உருகும்போதே கோபால்ட், செம்பு, இரும்பு முதலியவற்றின் சேர்மங்கள் கலந்து உடல் முழுவதும் ஊறிய நிறம். கோபால்ட் கலந்த நீலம் தலைமுறைகள் கடந்தும் நீலமே. மேலே தீட்டிய பொன்வண்ணக் கோடு மட்டும் போய்விடும்.

இதே தன்மைதான் உடைந்த வளையலைச் சந்தையில் விலையற்றதாகவும் ஆக்குகிறது. உடைகண்ணாடியைக் கண்ணாடி உலைகள் விரும்பி வாங்கும்; மூலக்கலவையில் 10 விழுக்காடு உடைகண்ணாடி சேர்த்தால் உலையின் எரிபொருள் தேவை ஏறத்தாழ 2.5 முதல் 3 விழுக்காடு வரை குறைகிறது. ஆனால் சிவப்பும் பச்சையும் ஊதாவும் கலந்த வளையல் குவியலை நிறமற்ற புட்டி செய்யும் உலையில் போட இயலாது. நிறம் பிரிக்கக் கூலி மிகும். வளையல் தொழிலின் பெருநகரான பிரோசாபாத்தோ உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர் வளையல் துண்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வேறு பயனில்லாத ஒரு பொருளுக்கு ஒரு பயன் கிடைத்தால், அதன் வாய்ப்புச் செலவு ஏறக்குறைய சுழியம். பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆயினும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வளையலின் சுற்றளவு 20 சென்டிமீட்டர், அகலம் 4 மில்லிமீட்டர், எடை 8 கிராம் எனக் கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பை மூட, இடைவெளி போக, சுமார் 1000 வளையல்கள் வேண்டும். இடுப்பளவு உயரமுள்ள ஓர் உருவத்தின் மேற்பரப்பு ஏறக்குறைய அவ்வளவே. எடை 8 கிலோ. ஒவ்வொரு வளையலும் நான்கு துண்டு என்றால் 4000 துண்டுகள். நிமிடத்துக்கு மூன்று துண்டு பதித்தால் 22 மணி நேரம். நாளொன்றுக்கு 6 மணி நேர வேலை என்றால் நான்கு நாள். கம்பிக் கூடு கட்டுவது, காரை பூசுவது, துண்டுகளைக் கழுவி நிறம் பிரிப்பது எல்லாம் சேர்த்தால் எட்டு நாள். பத்துப் பெண்கள் கொண்ட ஒரு குழு ஆண்டில் 200 நாள் இவ்வேலையைச் செய்தால் 2000 வேலை நாள்கள், 250 உருவங்கள். அவற்றில் அடங்கும் கழிவு வெறும் 2 டன். ஒரு சிறு லாரி ஒரே நடையில் ஏற்றிச் செல்லும் சுமை!

இக்கணக்கு தோராயமானதே; உங்கள் ஊர் வளையலை நிறுத்தும் அளந்தும் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். முடிவு மாறாது. கழிவைக் குறைக்கும் வழி என்று இதைக் கொண்டால் இது கேலிக்குரியது. வேலை தரும் வழி என்று கொண்டால் இது கருத்தில் கொள்ளத் தக்கது. ஏனெனில் செலவில் பெரும்பங்கு கூலியாகவே மக்களிடம் சேர்கிறது. 'கழிவு மேலாண்மை' என்ற தலைப்பில் எழுதினால், ஆண்டிறுதியில் தணிக்கையாளர் எத்தனை டன் அகற்றப்பட்டது என்றுதான் கேட்பார். 2 டன் என்ற விடையைக் கேட்டவுடன் திட்டம் மூடப்படும். அதில் உழைத்த பத்துப் பேரைப் பற்றிய கேள்வி எழவே எழாது. நான் முன்பு சொன்ன இடர் இதுதான்.

ஆகவே இதை வாழ்வாதாரம், பூங்காப் பராமரிப்பு ஆகிய தலைப்புகளின் கீழ் எழுதுங்கள். கேரளத்தில் இதற்கான அமைப்பு ஏற்கனவே உள்ளது. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் இருக்கின்றன. வீடுவீடாகச் சென்று மக்காத கழிவைச் சேர்க்கும் ஹரித கர்ம சேனை இருக்கிறது. கண்ணாடி, துணி, காலணி என ஒவ்வொரு வகைக்கும் தனி மாதம் குறித்துச் சேகரிக்கும் முறையும் இருக்கிறது. கண்ணாடிக்குரிய மாதத்தில் வளையலுக்கென்று ஒரு தனிப் பை போதும். தமிழ் வீடுகள் நிறைந்த சித்தூர் வட்டத்திலும், தேவிகுளம், பீருமேடு தோட்டப் பகுதிகளிலும், ஆடிப்பூரத்தில் அம்மனுக்குச் சாத்தும் வளையலும் வளைகாப்பு வளையலும் புழங்காத தெரு இல்லை. கண்ணகியின் சிலம்பு உடைந்த கதையை நெஞ்சில் சுமப்பவர்கள் நாம். இடுக்கி எல்லையில் மங்கலதேவி மலைக்கோயிலுக்குச் சித்திரை முழுநிலவன்று ஏறிச் செல்பவர்களுக்கு உடைந்த அணிகலனின் மதிப்பை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மையத் திட்டங்களைப் பற்றியும் கேட்பீர்கள். 2023-ல் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிடுகிறது. கொத்தர் உண்டு, சிற்பி உண்டு, பொம்மை செய்பவர் உண்டு, மாலை கட்டுபவரும் உண்டு. வளையல் பதிப்பவருக்கு அதில் பெயரில்லை. அவர் கொத்தருக்கும் சிற்பிக்கும் நடுவே நிற்கிறார். விண்ணப்பம் எழுதித் தரும் அலுவலர் இதை அறிந்திருந்தால், தகுதியுடையவரை வெறுங்கையுடன் திருப்பியனுப்ப நேராது.

செய்முறையில் சில எச்சரிக்கைகள் உண்டு. வளையல் துண்டின் முனை கத்திக்கு ஒப்பானது. ஈரச் சாக்கில் சுற்றித் தட்டி உடைக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் எவரையும் உட்கார வைக்கக்கூடாது. குழந்தைகளை இவ்வேலைக்கு அருகிலேயே விடக்கூடாது. பதித்த பின், குழந்தைகளின் கை எட்டும் உயரத்தில் கூர்முனை வெளியே நீட்டாதபடி தேய்த்துவிட வேண்டும். கண்ணாடித் துண்டைக் காரையின் உள்ளே ஜல்லி போலக் கலப்பது தவறு. சிமெண்டின் காரத்தோடு அது வினைபுரிந்து, நாளடைவில் வீங்கிக் காரையைப் பிளக்கும். மேற்பரப்பில் பதிப்பதோடு நிறுத்துக. கம்பியின் மேல் போதிய கனத்தில் காரை இருத்தல் வேண்டும். இல்லையெனில் நம் மழையில் துருவேறி உருவம் உரிந்து விழும்.

கவரிங் நகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. மெருகு போனபின் அது செம்பும் பித்தளையுமே, மழையில் களிம்பேறும். மலிவான உலோக நகைகளில் ஈயமும் காட்மியமும் கலந்திருப்பதுண்டு. ஆதலால் மீன் வளரும் குளத்திலும், பறவைகள் நீரருந்தும் தொட்டியிலும், கீரைப் பாத்தியிலும் அவற்றை வைக்கலாகாது. சுவரில், கூரை நிழலில் தொங்கவிடுவதற்கு மட்டும் கொள்க. மேலும், கிண்ணம் போலக் குழிந்த எவ்வுருவத்திற்கும் அடியில் துளை வேண்டும். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீரே போதும். அழகுக்காக வைத்ததைச் சுகாதார ஆய்வாளர் வந்து கவிழ்த்துப் போட நேர்ந்தால், அவர்மேல் குறையில்லை.

விற்பனையைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்பதை மறைக்காமல் கூறுகிறேன். சிமெண்டு உருவம் கனமானது. மூணாறுக்கும் தேக்கடிக்கும் வரும் பயணி அதைப் பேருந்தில் தூக்கிச் செல்ல மாட்டார். ஆண்டுக்கு 250 உருவம் வாங்க ஆளில்லை. வாங்கக் கூடியவர்கள் ஊராட்சிகள், பள்ளிகள், மருத்துவமனைகள், விடுதிகள். அவர்களும் ஒருமுறைதான் வாங்குவர். ஆகவே நிலையான வருவாய் புதிய உருவத்தில் இல்லை. பழையதைப் பழுது பார்ப்பதில் இருக்கிறது. மலம்புழாவுக்கு நேக் சந்த் சண்டிகரிலிருந்து வந்து அமைத்துத் தந்து போனார். உதிர்ந்த துண்டை எடுத்து ஒட்டும் கை இங்கேயே இருக்க வேண்டும். ஒரு கலைஞர் ஊரைவிட்டுச் சென்றதும் உடைந்த தோட்டத்தின் கதையை முன்பே சொன்னேன்.

எனவே ஒரு பூங்காவுக்கு உருவங்கள் வாங்கும் தீர்மானத்திலேயே, அதே குழுவுக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு வேலை தரும் ஒப்பந்தத்தையும் சேர்த்து எழுதுங்கள். செய்யக் கொடுத்த வேலை நாள்களில் பத்தில் ஒரு பங்கைத் தொடக்கத்தில் ஒதுக்கினால் போதுமானது. இரண்டு ஆண்டு அனுபவத்தில் அளவைத் திருத்திக்கொள்ளலாம். பாலக்காட்டுச் சமவெளியிலும் இடுக்கி மலையிலும் இரு பருவ மழைகளும் ஓய்வது டிசம்பரில். பாசியைத் தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்து, உதிர்ந்த இடத்தில் துண்டு பதிக்க அதன் பின் வரும் இரு மாதங்களே ஏற்றவை. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. பட்டியலை பிப்ரவரிக்குள் சமர்ப்பித்தால், கூலி அந்த ஆண்டுக் கணக்கிலேயே அவர்கள் கைக்குச் சேரும்.