வரம்பைக் காப்பவர் யார்?



மேற்கு ஆபிரிக்காவிலே, 1984 ஆம் ஆண்டுவரை மேல் வொல்டா என வழங்கி, இன்று புர்க்கினா பாசோ எனப் பெயர்பெற்றுள்ள நாட்டின் வடபாகத்தில் யாட்டெங்கா என்றொரு பிரதேசமுண்டு. அங்கு நிகழ்ந்த இருவகை முயற்சிகளை ஒப்புநோக்கவே நாம் விரும்புகின்றோம்.

1962 முதல் 1965 வரை ஐரோப்பியப் பணங்கொண்டு பாரிய யந்திரங்கள் அங்கு இறக்கப்பட்டன. ஏறத்தாழ 120,000 ஹெக்டேயர் நிலத்தில் மண் வரம்புகள் எழுந்தன. ஆனால், நிலத்தில் உழைப்போரை எவரும் கலந்து கேட்டிலர். அவர்கள் அவற்றைத் தம் வரம்புகளாகக் கருதவுமில்லை, உடைந்தவிடத்து அடைக்கவுமில்லை. பேணுவாரற்ற வரம்புகள் மழைநீரிற் கரைந்தன.

1967 ஆம் ஆண்டில் பெர்னார் லெடேயா வெட்ராவோகோ என்னும் ஆசிரியர் வேறுவழி கண்டார். மொசி மக்களின் இளைஞர், பிறப்பு வேற்றுமை பாராது கூடியுழைக்கும் பழைய சங்கமொன்றையே அவர் அடித்தளமாகக் கொண்டார். அதிலிருந்து எழுந்த இயக்கத்தின் பெயர் ‘நாம்’. அவர்கள் மொழியில் ஆளும் அதிகாரத்தைக் குறிக்குஞ் சொல் அது. நம் செவிக்கோ அது வேறொன்றையும் உணர்த்துகின்றது. ‘நாம்’ என்று கூடியவர்க்கன்றோ அதிகாரம் உண்டாகும்!

1979 இல் ஒக்ஸ்பாம் நிறுவனத்தார் மரம் நாட்டுந் திட்டத்தோடு யாட்டெங்காவுக்கு வந்தனர். நீரைத் தேக்கும் அம்முறையை உணவுப் பயிருக்கே பயன்படுத்தக் கமக்காரர் விரும்பினர். வந்தவர்களும் அதற்கிணங்கித் திட்டத்தை மாற்றினர். நிலத்தின் சமமட்டத்தை அறிய, நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயொன்றே கருவியாயிற்று. எழுத்தறியாதவரும் அதனைக் கையாளக் கற்றனர். சமமட்டக் கோட்டில் அடுக்கிய கற்கள் வெள்ளத்தின் வேகத்தைத் தணித்தன, நீர் நிலத்திற் சுவறியது, வளமண் தங்கியது.

அக்காலத்திலேயே யாக்குபா சவடோகோ என்னுங் கமக்காரர், ‘சாய்’ எனப்படும் பழைய குழிமுறையைத் திருத்தியமைத்தார். கோடையிலேயே குழிகளை அகலமாகவும் ஆழமாகவும் வெட்டிப் பசளையிட்டார். பசளையை நாடிவந்த கறையான்கள் இறுகிய மண்ணைத் துளைத்து நீருக்கு வழிசெய்தன. கட்டாந்தரையில் இறுங்கும் கம்பும் விளைந்தன, காடும் தழைத்தது. 2018 இல் உலகப் பரிசொன்று அவரை நாடிவந்தது.

எனினும், முயற்சி மட்டும் போதுமா? சவடோகோ வளர்த்த காட்டின் ஒரு பகுதியையே நகர விரிவாக்கம் விழுங்கியது. நிலத்தைத் திருத்தியவர்க்கு நிலத்தின்மீது உறுதியான உரிமை இல்லாதபோது, அவர் உழைப்பின் பயனைப் பிறர் கவர்வர். 2015 இற்குப் பின் மூண்ட ஆயுதவன்முறையால், 2023 அளவில் அந்நாட்டில் 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் இருப்பிடம் இழந்தனர். அமைதியும் உரிமையும் இல்லாதவிடத்துக் கல் வரம்பும் காவலாகாது.

அன்பர்களே, வெளியுதவி வேண்டாமென்று நாம் கூறவில்லை. நீர்க்குழாயும் வெளியிலிருந்து வந்ததே. ஆனால் எந்நிலத்தில், எதன்பொருட்டு அதனைப் பிடிப்பது என்பதைத் தீர்மானித்தோர் அந்நிலத்து மக்கள். கற்றோர் கருவியைக் கொணர்க, கட்டளையைக் கொணரற்க. தாம் தீர்மானித்து எழுப்பிய வரம்பையே மக்கள் காப்பர்.