குடல் பையில் அழற்சி: மாத்திரைக்கு முன் காரணத்தைத் தேடுங்கள்

(தவளக்குப்பத்தில் ஆற்றிய சுகாதார விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)

இன்று பேசப்போவது கொஞ்சம் பேருக்கு மட்டுமே வரும் பிரச்சினை. ஆனால் வந்தவர் வெளியே சொல்லக் கூச்சப்படுவார். கோரிமேடு ஜிப்மருக்குப் போக இங்கிருந்து பஸ் ஏறுவதற்கே பயப்படுவார், வழியில் கழிவறை கிடைக்குமா என்று.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனும் பெருங்குடல் புண் மருந்துக்கு அடங்காவிட்டால், பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிடுவார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்து, பை மாதிரி தைத்து, ஆசனவாயோடு இணைப்பார்கள். 1978-இல் லண்டனில் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட முறை இது. வயிற்றுக்கு வெளியே ஒட்டுகிற பை வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ளாதீங்க. இந்தப் பை உள்ளேயே இருக்கும், நிரந்தரமாக.

பை நன்றாக இருந்தாலும் ஒரு நாளைக்கு நாலிலிருந்து எட்டு தடவை போகத்தான் செய்யும். அது நோய் இல்லை. திடீரென்று அது கூடினால், அடக்க முடியாத அவசரம், அடிவயிற்று வலி, ராத்திரியில் கசிவு, காய்ச்சல் வந்தால் பையில் அழற்சி என்று சந்தேகப்படணும். கொலைட்டிஸுக்காக இந்த ஆபரேஷன் செய்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு தடவையாவது இது வருகிறது.

ஏன் வருகிறது? சிறுகுடல் மலத்தைத் தேக்கிவைத்துப் பழகிய உறுப்பு இல்லை. தேங்கும்போது அங்கே பாக்டீரியாக்களின் சமநிலை மாறுகிறது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பலருக்கு அடங்குவதால், பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு என்பது தெளிவு. ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. பரம்பரையாகப் பெருங்குடலில் நூற்றுக்கணக்கான பாலிப் வளரும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கும் இதே பைதான் தைக்கிறார்கள். அவர்களுக்கு இந்த அழற்சி வெகு அபூர்வம். பையும் ஒன்று, தேக்கமும் ஒன்று. அப்படியானால் பழைய நோயை உண்டாக்கிய உடம்பின் எதிர்ப்புச் சக்திக் கோளாறும் கூடவே வருகிறது என்றுதான் கொள்ளணும்.

இன்னொரு வகையும் உண்டு, கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடிய காரணங்கள். முதலில் நான் கேட்பது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டுமே பையைப் புண்ணாக்கும். முட்டி வலிக்குக் கடையில் வாங்கிப் போட்டதை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை, ‘அது வயித்துக்கு இல்லையே’ என்று. நிறுத்தியதும் சிலருக்குக் குறைந்துவிடும். சி-டிஃபிசில் என்ற கிருமி, சி.எம்.வி. வைரஸ், பைக்கு ரத்த ஓட்டம் குறைவது, இணைப்பு இடம் சுருங்குவது, உண்மையில் அது க்ரோன்ஸ் நோயாகவே இருப்பது என்று பட்டியல் நீளும். நம் நாட்டில் குடல் டிபியையும் மறக்கக்கூடாது. அது க்ரோன்ஸ் மாதிரியே வேஷம் போடும்.

இதனால்தான் மலப் பரிசோதனையும், கேமரா விட்டுப் பையைப் பார்த்துச் சதை எடுப்பதும் தேவைப்படுகிறது. சிப்ரோஃப்ளாக்ஸசினோ மெட்ரோனிடசோலோ இரண்டு வாரம் கொடுப்பது வழக்கமான முதல் சிகிச்சை. (மெட்ரோனிடசோல் சாப்பிடும்போது மது கூடாது. புதுச்சேரியில் இதைச் சொல்லாமல் விடமுடியுமா?) ஆனால் போன தடவை எழுதிய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கினால், அந்த மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். ஆன்டிபயாட்டிக்கே சி-டிஃபிசிலுக்கும் வழிவிடும்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், ஜிப்மர் போனாலும், ஆபரேஷன் செய்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துப் போங்கள். ‘எனக்குப் பெருங்குடல் இல்லை, உள்ளே பை வைத்திருக்கிறது’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண வயிற்றுப்போக்கு என்றே நினைப்பார்கள். வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகளையும் ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள், முட்டி வலி மாத்திரை உட்பட. ரத்தமோ கடுங்காய்ச்சலோ இருந்தால், தண்ணீர்கூட உள்ளே நிற்காமல் வாந்தி எடுத்தால், மறுநாள் ஓ.பி. வரை காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.