பன்னிரண்டு வயதுக்குப் பின் ஒரு நாவல்



இளையோர் நாவலை எழுதுதல், எழுதி முடித்தல், வெளியிடுதல் ஆகியவையே இன்றைய உரையின் பொருள். இதனை மலேசிய மண்ணில் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. நம் நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவை அனைத்தும் தொடக்கப்பள்ளிகளே. ஆறாம் ஆண்டு முடிந்ததும் நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே. சில பள்ளிகளில் அதுவும் இல்லை. பள்ளி நாள் முழுவதும் தமிழைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, 13ஆம் வயதில் வாரத்திற்குச் சில மணி நேரமே அதனைச் சந்திக்கிறது.

அந்த வயதில்தான் பெரிய கேள்விகள் எழுகின்றன. நட்பு ஏன் முறிந்தது? வீட்டில் பணம் இல்லாததை வகுப்பில் எப்படி மறைப்பது? அப்பா சொல்வது தவறென்று தெரிந்தால் என்ன செய்வது? இவற்றைப் பேசும் நூல் தமிழில் கைக்கு எட்டவில்லையெனில், தமிழ் அப்பிள்ளைக்குத் தேர்வு மொழியாகச் சுருங்கிவிடும். எஸ்.பி.எம். முடிந்த பிறகு அதனைத் திறந்து பார்க்கக் காரணமே இராது. ஆகவே இளையோர் நாவல் என்பது நமக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு மட்டுமன்று.

சிறுவர் கதையில் பெரும்பாலும் பெரியவர் ஒருவர் வந்து சிக்கலைத் தீர்ப்பார். நீதியையும் அவரே சொல்வார். இளையோர் நாவலில் முடிவெடுப்பவர் இளையவர். அம்முடிவின் விளைவைச் சுமப்பவரும் அவரே. அமெரிக்காவின் எஸ். இ. ஹின்டன் 15ஆம் வயதில் எழுதத் தொடங்கி, 1967இல் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை வெளியிட்டார். தம் வயதினரின் வாழ்க்கையை உள்ளபடி சொல்லும் நூல் கிடைக்காமையே அவரை எழுதத் தூண்டியது. தமிழ்நாட்டில், பாலியல் சீண்டலை எதிர்கொள்ளும் சிறுமியைப் பற்றி எஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்றது. கீழடி அகழாய்வைக் கதைக்களமாக்கிய உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்றது. நம் நாட்டில், ஆசிரியரான கே. பாலமுருகன் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' முதலான சிறுவர் மர்ம நாவல்களை எழுதி, வகுப்பறையை அறிந்தவர் வாசகரையும் அறிவார் என்பதைக் காட்டினார். அந்த நூல்களைப் படித்து வளர்ந்த பிள்ளைக்கு அடுத்த நூல் எது என்பதே நம் முன்னுள்ள வினா.

கதைக்குப் பொருள் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் பாசீர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட நச்சுக் கழிவால் மாணவர் பலர் மருத்துவமனைக்குச் சென்றனர். 100க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. இச்செய்தி மட்டும் நாவலாகாது. ஒரு மாணவனைக் கற்பனை செய்வோம். அவன் தங்கை மூச்சுத் திணறிக் கிடக்கிறாள். தந்தை லாரி ஓட்டுநர். முன்னிரவில் அவர் எங்கே சென்று வந்தார் என்பதை அவன் ஒருவனே அறிவான். இனி அவன் பேசுவானா, மாட்டானா? இக்கேள்வி பிறந்த இடத்தில்தான் நாவல் தொடங்குகிறது.

மொழியைப் பற்றி இந்த அவையில் ஒன்று சொல்ல விழைகிறேன். கதை சொல்லும் பகுதி எளிய, பிழையற்ற தமிழில் அமைய வேண்டும். உரையாடலோ பேசுவோரின் வாயிலிருந்து வர வேண்டும். 'பாசார் மாலாமுக்குப் போவோமா?' என்று கேட்கும் பிள்ளையை 'இரவுச் சந்தைக்குச் செல்வோமா?' என்று கேட்கவைத்தால், படிக்கும் மாணவர் அது தம்மைப் பற்றிய கதை அன்று என முடிவு செய்துவிடுவார். சிவப்பு மையால் அதனைத் திருத்தும் முன் ஆசிரியர்கள் சற்றே பொறுக்க வேண்டுகிறேன்.

எழுதத் தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர். முதல் அத்தியாயத்தையே மீண்டும் மீண்டும் செதுக்குவதால் நான்காம் அத்தியாயம் பிறப்பதில்லை. நாளொன்றுக்கு 300 சொற்கள் எழுதினால், 100 நாளில் 30,000 சொற்கள் சேரும். இளையோர் நாவலுக்கு அது போதிய அளவு. கடைசி வரி எழுதும் வரை பின்னோக்கித் திருத்தாதீர்கள். முடித்தபின் ஒரு மாதம் எடுத்து வையுங்கள். பிறகு வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். அதன்பின் 14 வயதினர் இருவரிடம் கொடுங்கள். 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்டால் மரியாதைக்காக ஆம் என்பர். 'எந்தப் பக்கத்தில் மூடி வைத்தாய்?' என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயண், பள்ளிச் சிறுவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய தம் முதல் நாவலை முடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன. மனம் தளர்ந்த அவர், கையெழுத்துப்படியைக் கல்லோடு கட்டித் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடுமாறு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்த நண்பருக்கு எழுதினார். நண்பர் அவ்வாறு செய்யாமல் எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் அதனைச் சேர்த்தார். கிரீனின் பரிந்துரையால் 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' வெளிவந்தது. நண்பர் காப்பாற்றுவதற்கு முழுமையான கையெழுத்துப்படி ஒன்று இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

வெளியிடும் வழி கடினமன்று. மெய்ப்புத் திருத்தத்தை எழுதியவரே செய்யாமல் வேறொருவர் செய்வது நலம். நூலுக்குரிய அனைத்துலகத் தர எண்ணைத் தேசிய நூலகம் வழங்குகிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சிட்ட நூலின் ஐந்து படிகளை அந்நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். கடினமானது அதற்குப் பிறகு வருகிறது. நம் நூல் வெளியீட்டு விழாக்களில் பிரமுகர் முதல் நூலைப் பெறுகிறார். வந்தவர்கள் அன்பின் பொருட்டு வாங்குகின்றனர். நூல் அலமாரிக்குள் அடங்கிவிடுகிறது. யாருக்காக எழுதப்பட்டதோ அந்த மாணவர் பெரும்பாலும் அரங்கில் இருப்பதில்லை. இளையோர் நாவலை இடைநிலைப்பள்ளி மண்டபத்தில் வெளியிடுவோம். முதல் நூலைப் படிவம் இரண்டு மாணவி ஒருத்தி பெறட்டும். ஒரு மாதம் கழித்து எழுதியவர் அதே பள்ளிக்குச் சென்று அவள் கேள்விகளுக்கு விடை சொல்லட்டும்.

ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் யாரேனும் ஒரு மாணவர் குறிப்பேட்டில் கதை எழுதிக்கொண்டிருப்பார். அதற்கு மதிப்பெண் இடாமல் படியுங்கள். படித்து முடித்ததும், 'அடுத்து என்ன நடக்கும்?' என்று மட்டும் கேளுங்கள். மாணவர்களே, அக்கேள்விக்கு விடையை எழுதி வந்து கொடுங்கள்.