கொல்லை எருவும் குடும்ப நலமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் இலக்கியமும் மணக்கும் இம்மேடையில் குப்பையைப் பற்றிப் பேச வந்துள்ளேன். உழவிலும் எருவிலும் வளர்ந்த குடிகளாகிய நாம் இதற்கு நாணவேண்டுவதில்லை. கப்பலில் வரும் காய்கறிக்குக் காத்திருக்கும் தீவில், கொல்லையில் காய்க்கும் ஒரு கத்தரியும் செல்வமே. ஆனால் இங்குப் பெய்யும் பெருமழை மண்ணின் சத்தைக் கரைத்துச் செல்கிறது. அதனை மீட்டுத் தருவது எரு.

நம் முன்னோர் ஊரில் வீட்டுக்கொரு குப்பைக்குழி இருந்தது. மழை குறைந்த நாட்டில் ஈரத்தைக் காக்கக் குழியே ஏற்றது. இங்கோ ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. தோண்டிய குழி குளமாகும். உள்ளிருப்பது காற்றின்றி அழுகி நாறும். ஆதலின் டாலிகஞ்சில் வாழும் நாம் குழியை விடுத்துக் குவியல் அமைத்தல் வேண்டும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆய்வு நடத்திய ஆல்பர்ட் ஹோவார்டு வகுத்த ‘இந்தூர் முறை’யும், மழைக்காலத்தில் தரைமேல் அடுக்குமாறே கூறுகிறது.

மேட்டுப்பாங்கான மூலையில், வீட்டுச் சுவரினின்று தள்ளி, நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடியாக அமையுங்கள். அடியில் தென்னை மட்டைகளைப் பரப்பினால் காற்று நுழையும். அதன்மேல் சருகு, நறுக்கிய ஓலை, பாக்குமட்டை ஆகிய உலர்ந்தவை இரு பங்கும், காய்கறித்தோல், புல், சாணம் ஆகிய ஈரப்பொருள் ஒரு பங்குமாக மாறிமாறி அடுக்குங்கள். இடையிடையே ஒரு கூடை மண் தூவுங்கள். மேலே ஓலைக் கூரையோ தகரமோ இன்றியமையாதது. கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசியும் அளவே ஈரம் போதும். சில நாளில் குவியல் சூடேறும். நன்றாக அமைந்தால் வெப்பம் 60 பாகையை எட்டும். களை விதையும் ஈப்புழுவும் அச்சூட்டில் மாளும். 15 நாளுக்கொருமுறை புரட்டினால் மூன்று நான்கு திங்களில் மண்மணம் கமழும் கரிய எரு கிடைக்கும்.

இனிப் பகைவர்களைக் காண்போம்.

முதற்பகை எலி. மீன் செதிலும் குடலும், சோறும், எண்ணெய்ப் பண்டமும் குவியலில் விழுந்தால் எலி குடியேறும். இது எருவின் கேடு மட்டுமன்று, உயிரின் கேடுமாகும். 1980களின் இறுதியில் வட அந்தமானில் தோன்றி, ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என அஞ்சப்பட்ட நோய், எலிக்காய்ச்சலே என்று 1990களில் தெளிவாயிற்று. நம் டாலிகஞ்சிலேயே உள்ள மண்டல மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இந்நோயாய்வில் பெயர்பெற்றது. எலியின் சிறுநீர் கலந்த சேறும் நீரும் காலின் சிறு புண் வழியே நோயைப் புகுத்தும். ஆதலின் மீன் கழிவைக் குவியலிற் சேர்க்காதீர்கள். வெறுங்காலுடன் எருவை மிதியாதீர்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுங்கள்.

இரண்டாவது, ஆப்பிரிக்கப் பெருநத்தை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் இத்தீவைப் பிடித்திருந்த 1942-45 காலத்தில் இங்கு வந்ததென்பர். மாலையில் ஈரக்கோணியை விரித்து வைத்தால் அதனடியில் வந்து ஒண்டும். விடியலில் கையுறையணிந்து பொறுக்கி, வாளியில் கரைத்த உப்புநீரில் இடுங்கள். உப்பை மண்ணில் தூவினால் பயிர் கெடும்.

மூன்றாவது, காண்டாமிருக வண்டு. இது எருவில் முட்டையிட்டுத் தென்னையின் குருத்தைத் துளைக்கும். புரட்டும்போது காணும் தடித்து வளைந்த வெண்புழுக்களைப் பொறுக்கி அழியுங்கள். அப்புழுவைக் கொல்லும் பச்சைப் பூஞ்சையின் பயனைக் கராச்சர்மாவிலுள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் கேட்டறியலாம்.

எறும்பு மிகுந்தால் குவியல் காய்ந்ததென்று பொருள், நீர் தெளியுங்கள். ஈ மொய்த்தால் சருகால் மூடுங்கள். பூரான் ஒளிந்திருக்கும், கைவிட்டுக் கிளறாது முட்கரண்டியால் புரட்டுங்கள். தேங்காய்ச் சிரட்டையை நிமிர்த்தி எறிந்தால் அதில் நீர் தேங்கிக் கொசு பெருகும், கவிழ்த்து வையுங்கள்.

தாய்மார்களே! அடுப்படியில் இரு கூடைகள் வைத்து, எருவுக்குரியதையும் ஆகாததையும் பிரித்தால் பாதி வேலை முடிந்தது. குவியலைக் காப்பதும் குழந்தையைக் காப்பதும் இக்கொல்லையில் ஒரே வேலைதான். மழை ஓய்ந்த ஜனவரியில் தொடங்குங்கள். மே மாத மழைக்குமுன் எரு உங்கள் பாத்தியில் இருக்கும்.