தர்மாஸ்பத்திரி மருந்து
(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



‘ஜெனரிக்’ என்பதைப் ‘பொதுப்பெயர் மருந்து’ என்று பல ஆண்டுகளாக மொழிபெயர்த்து வருகிறேன். நம் கிராமங்களிலோ அதன் பெயர் ‘தர்மாஸ்பத்திரி மருந்து’. அப்பெயரிலேயே அவநம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரசு மருத்துவமனை தந்த மெட்ஃபார்மினைப் பெட்டியில் போட்டுவிட்டு, களியக்காவிளைக்குச் சென்று அதையே வேறு பெயரில் காசு கொடுத்து வாங்கும் மூதாட்டியரை நீங்கள் அறிவீர்கள். விலை குறைந்தால் வீரியமும் குறையும் என்பது அவர்தம் கணக்கு. அக்கணக்கைக் கற்பித்தவர் யார்?

1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கன்றிச் செய்முறைக்கே காப்புரிமை வழங்கியது. மலிவு மருந்து பெருகியது. 1975இல் ஹாத்தி குழு வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கப் பரிந்துரைத்தது, நிறைவேறவில்லை. 2005 திருத்தத்தில் இடம்பெற்ற 3(டி) பிரிவைக் கொண்டே நோவார்ட்டிஸின் புற்றுநோய் மருந்துக்கு 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுத்தது. மருத்துவர்கள் பொதுப்பெயரிலேயே எழுதவேண்டும் என 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதியோ அம்மாதமே நிறுத்திவைக்கப்பட்டது. யாருக்கு அவசரம் என்று சொல்ல வேண்டுவதில்லை.

ஆயினும், தரம் பற்றி மக்கள் எழுப்பும் ஐயத்தை அறியாமை என ஒதுக்காதீர்கள். சோதனைச்சாலைகள் போதாத நாட்டில் அது நியாயமான கேள்வி. ஆனால் அக்கேள்வி வணிகப் பெயர் தாங்கிய மருந்துக்கும் பொருந்தும். ஆலப்புழையில் கேரள அரசே மருந்து தயாரிப்பதைப் போலப் பொதுத்துறை உற்பத்தியும், கண்டிப்பான சோதனையும் நம் கோரிக்கையாக வேண்டும்.

அட்டையில் மூலப்பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. நம் மூதாட்டியர் படிப்பதோ தமிழ். வீடுகளுக்குச் செல்லும்போது இரு அட்டைகளையும் அருகருகே வைத்துப் படித்துக் காட்டுங்கள். மருத்துவரைக் கேளாமல் மருந்தை மாற்றும்படி மட்டும் எவரிடமும் சொல்லாதீர்கள்.