மரத்தில் நிற்கும் 'மலபார் பிரின்சஸ்'

1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது 'மலபார் பிரின்சஸ்' என்னும் கான்ஸ்டலேஷன் விமானம். ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் பயணம் அது. அதை மரத்தில் வடிக்க முற்படுகிறவருக்குக் கடுஞ்சோதனை காத்திருக்கிறது.

பின்னர் வந்த போயிங்கின் உடல் ஏறக்குறைய ஒரு குழாய். நடுப்பகுதியைக் கடைசலில் பிடித்தே உருட்டிவிடலாம். கான்ஸ்டலேஷனோ மீனைப்போல் வளைந்தது. மூக்கு சற்றே தாழ்ந்திருக்கும், வால்பக்கம் மேலெழும். ஓரிடத்துச் சுற்றளவு அடுத்த இடத்தில் இராது. ஆகவே பக்கத்தோற்றத்தை அட்டையில் வெட்டி, மரத்தோடு ஒட்டிப் பார்த்துப் பார்த்து உளியாலும் அரத்தாலும் குறைத்துவர வேண்டும். இறக்கையில் மரத்தின் ரேகை நீளவாட்டில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் முறிந்துவிடும். வாலில் நிமிர்ந்த தகடுகள் மூன்று. அன்றைய விமானக் கொட்டகைகளுக்குள் நுழையும்படி உயரத்தைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. அவற்றைத் தடித்தபடியே விட்டுவிட்டால், எவ்வளவு மெருகிட்டாலும் அது பொம்மைதான், விமானமாகத் தோன்றாது.

1950 நவம்பர் 3 அன்று மலபார் பிரின்சஸ் ஆல்ப்ஸ் தொடரின் மான்ட் பிளாங்க் மலையில் மோதியது. அதிலிருந்த 48 பேரும் மாண்டனர். சிதறிய பகுதிகளைப் பனியாறு பல்லாண்டுகள் கழித்தும் வெளியே தள்ளிவந்தது. முழு உருவில் அதைக் காண விரும்புகிறவருக்கு எஞ்சியவை புகைப்படமும் இத்தகைய மர உருவமுமே. புகைப்படம் ஒரு பக்கத்தைத்தான் காட்டும். மர உருவத்தைக் கையிலெடுத்துத் திருப்பினால், அடிவயிற்றின் அந்த வளைவும் விரலுக்குத் தட்டுப்படும்.