ஸ்கோர் பூஜ்யம்: டாஹோ ஏரியும் அதைச் சுத்தின காலி மனைகளும்

இன்னைக்கு ஒரு ஏரியைப் பத்திப் பேசப்போறோம். சரியாச் சொன்னா, ஏரியைச் சுத்தி இருக்குற நிலத்தைப் பத்தி.

ஒரு ஏரித் தண்ணி கெடாம இருக்கணும். அதுக்காக சுத்தி இருக்குற நிலத்தை வாங்கி, யாரும் எதுவும் கட்டாம சும்மா போட்டு வைக்கணும். உங்க கையில காசு குடுத்தாச்சு, ஆனா எல்லாத்தையும் வாங்குற அளவுக்கு இல்ல. எந்த நிலத்தை வாங்குவீங்க? நம்மள்ல பலபேர் கரையோரமா, நல்ல வியூவோட, பெரிய பெரிய மரம் நிக்கிற இடத்தைத்தான் கைகாட்டுவோம். இதே கேள்வி அமெரிக்காவுல டாஹோ ஏரிக்கு வந்தப்போ, அவங்க நெறைய இடங்கள்ல வாங்கினது ரெண்டு வீட்டுக்கு நடுவுல கிடந்த சின்னச் சின்ன காலி மனைகளை. ஏன்னு பார்ப்போம்.

டாஹோ ஏரி கலிஃபோர்னியா, நெவாடா ரெண்டு மாநில எல்லையில, மலைக்கு நடுவுல இருக்கு. ஆழம் 501 மீட்டர். 63 ஓடைகள் உள்ளே வருது. வெளியே போக ட்ரக்கி ஆறு ஒண்ணுதான் வழி. உள்ளே வர்ற தண்ணி வெளியே போக சராசரியா 650 வருஷம் ஆகும்னு கணக்கு. அதனால உள்ளே போன அழுக்கு சீக்கிரத்துல வெளியே போற கதையே கிடையாது.

அந்தத் தண்ணி எவ்வளவு தெளிவுன்னு அளக்குற முறை ரொம்ப சிம்பிள். சாப்பாட்டுத் தட்டு சைஸ்ல ஒரு வெள்ளைத் தட்டைக் கயித்துல கட்டி இறக்குவாங்க. எந்த ஆழத்துல கண்ணுக்கு மறையுதோ அதைக் குறிச்சுக்குவாங்க. 1968-ல சராசரி 31 மீட்டர். 1997-ல 20 மீட்டருக்கும் கீழே போயிடுச்சு. இத்தனைக்கும் நடுவுல ஊர்ச் சாக்கடையை மொத்தமா குழாய் போட்டு மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிட்டாங்க. அப்பவும் தெளிவு குறைஞ்சுக்கிட்டே இருந்தது.

அப்போ அழுக்கு எங்க இருந்து வந்தது? 1950, 60-கள்ல அங்க பிளாட் போடுற பிசினஸ் களைகட்டுச்சு. 1960-ல பக்கத்துலயே குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்ததும் இன்னும் சூடு பிடிச்சது. சரிவா, ஓடையா, சதுப்பான்னு பார்க்காம மேப்ல ஸ்கேல் வெச்சுக் கோடு கிழிச்சு வித்தாங்க. இருக்குறதுலயே பெரிய வேலை ஏரியோட தெற்குக் கரையில நடந்தது. ஏரிக்கு வர்ற பெரிய ஆறு மேல் ட்ரக்கி. ஏரிக்குள்ள விழுறதுக்கு முன்னாடி அது ஒரு சதுப்புல பரவி, வேகம் குறைஞ்சு, வண்டலை அங்கேயே இறக்கி வெச்சுட்டு வரும். யாரும் சம்பளம் குடுக்காத ஃபில்டர். அந்தச் சதுப்பை வெட்டி, வாய்க்கால் தோண்டி, வீட்டு வாசல்லயே படகு நிறுத்துற மாதிரி ஒரு குடியிருப்பைக் கட்டினாங்க. பேரு டாஹோ கீஸ். இன்னைக்கு அந்த வாய்க்கால் முழுக்க வெளியூர்லேர்ந்து வந்த நீர்க்களை மண்டிக் கிடக்கு. அது தனி எபிசோட் அளவுக்குப் பெரிய தலைவலி.

தெளிவைக் கெடுக்குறதுல முக்கியமான ஆள் ரொம்ப சன்னமான தூசி, 16 மைக்ரானுக்கும் சின்னது. அது சீக்கிரம் அடியில படியாது. தண்ணியில மிதந்துக்கிட்டே வெளிச்சத்தைச் சிதறடிக்கும். ரெண்டு மாநில அரசும் சேர்ந்து போட்ட கணக்குப்படி, இந்தத் தூசியில 70 சதவீதத்துக்கும் மேல ஊர்ப் பகுதியிலேர்ந்துதான் வருது. அந்த ஊர்ப் பகுதி, சுத்தி இருக்குற நிலத்துல சுமார் பத்துல ஒரு பங்குதான்! ரோடு, கூரை, பார்க்கிங் மேல விழுற மழையும் உருகுற பனியும் மண்ணுல இறங்காம நேரா ஏரிக்கு ஓடுது. ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு காலி மனை இருந்தா, அந்தத் தண்ணி அங்க கொஞ்சம் நின்னு ஊறும். தூரத்து மலை உச்சியில இருக்குற காடு அழகுதான், ஆனா அதை வாங்கினா இந்த ரோட்டுத் தண்ணியை அது தடுக்காது.

சரி, ஆயிரக்கணக்கான காலி மனைகள் இருக்கு. எது முக்கியம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டு மாநிலமும் சேர்ந்து உருவாக்கின திட்ட ஏஜென்சி ஒண்ணு அங்க இருக்கு. அவங்க 1980-களோட கடைசியில ஒவ்வொரு காலி மனைக்கும் நேர்ல போய் மார்க் போட்டாங்க. மண் எவ்வளவு சுலபமா அரிக்கும், தண்ணி எவ்வளவு ஓடும், ஏரிக்கு எவ்வளவு தூரம், செடியைப் பிடுங்கினா திரும்ப முளைக்குமா, இப்படிக் கேள்விகள். ஓடைக்கரையா, சதுப்பா இருந்தா ஸ்கோர் பூஜ்யம். ஆரம்பத்துல 726-க்கு மேல வாங்கின மனையிலதான் வீடு கட்டலாம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், அந்த 726 நிலையான நம்பர் கிடையாது. மார்க் கம்மியான மோசமான மனைகளை விலைக்கு வாங்கி ஒதுக்க ஒதுக்க, கோடு கொஞ்சம் கொஞ்சமா கீழே இறங்கும். அப்போ நடுத்தர மார்க் வாங்கினவருக்கும் கட்ட அனுமதி கிடைக்கும். அதனால சதுப்பு மனையை அரசு வாங்குறது பக்கத்து மனைக்காரருக்கும் லாபம். இல்லன்னா ஊரே எதிர்த்து நின்னிருக்கும்.

காசு எங்கேர்ந்து வந்தது? இங்கதான் சுவாரஸ்யம். 1980-ல வந்த சாண்டினி-பர்ட்டன் சட்டம், லாஸ் வேகாஸ் பக்கத்துல சிதறிக் கிடந்த மத்திய அரசு நிலத்தை வித்து, அந்தப் பணத்துல டாஹோவுல நிலம் வாங்கலாம்னு சொன்னது. லாஸ் வேகாஸ் வளர வளர, டாஹோவுல மனை கட்டாம மிச்சமாகும்! கலிஃபோர்னியா மக்கள் 1982-ல 8.5 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் போட ஓட்டுப் போட்டாங்க. நெவாடாவுல 1986-ல 3.1 கோடி. விக்க விருப்பம் இருக்குறவங்ககிட்ட மட்டும்தான் வாங்கினாங்க.

ஆனா எல்லாருக்கும் இது சுமுகமா முடியல. நெவாடா பக்கம் இன்க்லைன் வில்லேஜ்ல ஒரு வயசான அம்மா. 1972-ல அவங்களும் கணவரும் வாங்கின மனை, வருஷங்கள் கழிச்சு ஸ்கோர் பூஜ்யம் ஆச்சு. சுத்தி எல்லாரும் வீடு கட்டியாச்சு, இவங்க மட்டும் கட்டக் கூடாது. "கட்டுற உரிமையை வேற ஒருத்தருக்கு வித்துக்கலாம், முதல்ல அதை முயற்சி பண்ணுங்க" அப்படிங்கிறது ஏஜென்சி வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1997-ல கோர்ட், அதை வித்துப் பார்த்துட்டுத்தான் வரணும்னு இல்ல, இப்பவே அவங்க வழக்கை விசாரிக்கலாம்னு சொல்லிடுச்சு.

அந்த அம்மா பக்கம்தான் எனக்கு மனசு போகுது. ஏரிக்கு அந்த மனை காலியா இருக்கணும்கிறது உண்மை. ஆனா அதனால வர்ற நஷ்டத்தைக் கடைசியா மிச்சமிருந்த ஒருத்தர் தலையில வைக்கிறது நியாயம் இல்ல. மார்க் ஷீட்டோட செக்கும் சேர்ந்து வரணும்.

வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சதா? அதுவும் இல்ல. ஆயிரக்கணக்கான குட்டி மனை, ஒவ்வொண்ணுலயும் பைன் மரம், காஞ்ச சருகு. 2007 ஜூன்ல அங்கோரா காட்டுத்தீ 254 வீட்டை எரிச்சுது. அரிப்பைத் தடுக்க சருகு மண்ணு மேல இருக்கணும்னு ஏரிக்காரங்க சொல்ல, சருகை அள்ளினாத்தான் வீடு தப்பிக்கும்னு வீட்டுக்காரங்க சொல்ல, பெரிய சண்டை. அதுக்கப்புறம் விதிகளை மாத்தினாங்க. இப்போ அந்த மனைகள்ல மரத்தைக் கழிச்சுவிடறதே ஒரு தொடர் வேலை.

தட்டு மறையுற ஆழம் இப்பவும் 20 மீட்டரைச் சுத்தியேதான் நிக்குது. முன்ன மாதிரி வருஷா வருஷம் சரியல, ஆனா பழைய 31 இன்னும் திரும்பல.

2024-ல கலிஃபோர்னியாவோட டாஹோ கன்சர்வன்சி, அந்த மேல் ட்ரக்கி சதுப்பு பக்கத்துல 31 ஏக்கர் வாங்குச்சு. அதுல ஒரு மோட்டலும் இருந்தது. ரூம் வாடகைக்கு விடறதுக்காக வாங்கல, கட்டடத்தை இடிச்சுட்டு இடத்தைத் திரும்பவும் சதுப்பாக்குறதுக்காக வாங்கியிருக்காங்க. அறுபது வருஷத்துக்கு முன்னாடி அது வெறும் ஈர நிலம். இப்போ கட்டடத்துக்கும் சேர்த்து விலை குடுத்தாச்சு.

உங்க ஊர் ஏரிக்கு எந்தப் பக்கத்துலேர்ந்து தண்ணி வருதுன்னு தெரிஞ்சா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.